கச்சாயத்தின் எடை

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு பிஸ்கட்டுக்கு இத்தனை கலோரி என்று அச்சடித்திருப்பதை நீங்கள் இருவரும் எனக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள். அப்பாவுக்கு இது புதுச் செய்தி என்று உங்களுக்கு நினைப்பு. எழுபதுகளில், பெருமாட்டிப் பஞ்சாயத்து முழுவதிலும் கலோரி என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருந்த விவசாயி நான் ஒருவன்தான். அதனால் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புவரை மலையாளப் பள்ளியில் படித்தவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் குறை இருக்காது. இருந்தால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்களில் மூத்தவனுக்கு அப்போது ஆறு வயது. இளையவள் அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். அம்மாவுக்குத் தண்ணீர்த் தாகம் அடங்கவில்லை என்று சித்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றினார். அதில் உங்கள் அம்மாவின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம், செங்கல் என்றால் நிறைய என்று அவர் விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த நிறமே போதுமாக இருந்தது.

"நாலு வாரம் டைம் தரும்," என்றார் டாக்டர், மலையாளமும் தமிழுமாக. "அதுக்குள்ள கொறையணும். இல்லேன்னா பாலக்காடு ஆஸ்பத்திரியில அட்மிட் செய்யணும். பிரசவம் வரை அங்கயே. தினமும் ஊசி. குழந்தைக்கும் நல்லதல்ல."

மூன்று மாதம் ஆஸ்பத்திரி. வீட்டில் ஆறு வயதுப் பையன், தொழுவத்தில் மாடுகள், காட்டில் கடலை பிடுங்குகிற சமயம். இதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தன. முதலில் நினைவுக்கு வந்தது 'குழந்தைக்கும் நல்லதல்ல' என்ற அந்தச் சொல்தான். 

டாக்டர் தட்டச்சு செய்த ஒரு தாள் கொடுத்திருந்தார். எந்தப் பண்டத்தில் எத்தனை கலோரி என்று மலையாளத்தில் ஒரு பட்டியல். கடைசியில் பேனாவால் அவரே எழுதியது: 'பலகாரம் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் நாளுக்கு நூறு கலோரி.'

நல்ல மனசோடுதான் எழுதினார். அவருக்கு எங்கள் கிழக்குச் சீமை தெரியாது. எங்கள் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி தெருவில் நடந்தாலே ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு கை நீளும். அந்தக் கையில் பலகாரம் இருக்கும். வாங்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். கொடுத்தவர்களுக்கு முகம் கறுத்துப்போகும். காரணத்தைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் காரணத்தைச் சொல்லவே கூடாது என்று அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே என்னிடம் வாக்கு வாங்கிவிட்டாள்.

"என்ற தங்கச்சிக்கு இப்பத்தான் மாப்ள பார்த்து வாக்குக் குடுத்திருக்காங்க. அக்காளுக்குச் சக்கரை வியாதின்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் யோசிப்பாங்க. தை மாசம் கல்யாணம் முடியட்டுங்க. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதுங்க. எங்கூட்டுக்குக்கூட."

ஆகவே அம்மா பலகாரம் தின்பது, நான் அது நூறுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். என் வேலைதான் கஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.

தாளில் 'லட்டு, இடத்தரம், ஒன்று' என்று இருந்தது. இடத்தரம் என்றால் நடுத்தர அளவு. எந்த ஊர் நடு? மேலத்தோட்டத்து வீட்டில் பிடிக்கிற லட்டு எலுமிச்சை அளவு. எதிர்வீட்டில் பிடித்தால் அதே பெயரில் தேங்காய்க்குப் பாதி வரும். எங்கள் பக்கத்துக் கச்சாயமும் ஒப்பிட்டும் தாளில் இல்லவே இல்லை. கச்சாயம் என்றால் அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து எண்ணெயில் பொரிப்பது. ஒப்பிட்டு என்றால் பருப்புப் பூரணம் வைத்துத் தட்டி, நெய் விட்டுச் சுடுவது. சரி, என்னென்ன எவ்வளவு போடுகிறார்கள் என்று தெரிந்தால் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"கச்சாயத்துக்கு வெல்லம் எவ்வளவு போடுவீங்க அக்கா?"

"இனிப்பு வர்ற அளவுக்குத்தான்."

"மாவு?"

"வெல்லத்துக்குத் தக்கன."

"எண்ணெய்?"

"அது குடிக்கிற அளவு. நானென்ன கலயத்துல அளந்தா ஊத்தறேன்? ஏன் தம்பி, பலகாரக் கடை போடப் போறியா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என்னால் எழுதிக்கொள்ளத்தான் முடியவில்லை.

கடைசியில் நானே ஒரு விதி வகுத்தேன். கச்சாயத்தை ஐந்து பங்காக்கினால் இரண்டு பங்கு வெல்லம், இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு எண்ணெய். வெல்லத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு நாலு கலோரி, எண்ணெய்க்கு ஒன்பது. இது தாளின் அடியில் இருந்தது. போட்டுப் பார்த்தால் இருபது கிராம் கச்சாயத்துக்குச் சரியாக நூறு வந்தது. எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஒருநாளும் என் முதுகில் தட்டிக் கொடுத்ததில்லை. அன்று நானே தட்டிக்கொண்டேன். அந்த ஐந்து பங்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் பதில் கிடையாது. யாரும் கேட்கவில்லை.

அடுத்த சந்தை நாளில், ஏலக்காய் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றும் பித்தளைப் படிக்கற்களும் வாங்கி வந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றும். யார் வீட்டிலிருந்து என்ன வந்தாலும் எடை போட்டு, இருபது கிராம் பிட்டு அம்மாவுக்குக் கொடுத்து, தேதி போட்டு எழுதுவேன். வீட்டுக்குள் நடக்கிறவரை இது நன்றாகவே ஓடியது. அவள் வெளியே போய்விட்டு வந்து சொல்வதைத்தான் எழுத முடியவில்லை.

"கோயில்ல பாயசம் குடுத்தாங்க. ஒரு வாய்தானுங்க குடிச்சேன்."

"ஒரு வாய்ன்னா எவ்வளவு அம்மிணி?"

"ஒரு வாயிங்க."

மருந்து குடிக்கிற அவுன்ஸ் கிளாஸை எடுத்து வந்தேன். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து அதில் துப்பச் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் துப்பினாள். கிளாஸ் நிரம்பி வழிந்து என் கால்மேல் ஊற்றியது.

"இத்தனையா குடிச்சே?"

"தண்ணிக்கு இந்த வாயி. பாயசத்துக்கு வேற வாயி. ஒப்பிட்டுக்கு அது ஒரு வாயி. இதெல்லாம் உங்களுக்கு வெளங்காது, உடுங்க."

நோட்டில் மூன்று வாய்க்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கினேன்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. அப்போதுதான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்த மாமனார் வீட்டிலிருந்து சேதி வந்தது. கட்டுச்சோறு கொண்டுவருகிறார்களாம். பெண் ஏழாம் மாதத்தில் இருக்கும்போது, அவளைப் பெற்றவர்கள் வகைவகையாகச் சோறும் பலகாரமும் கட்டி எடுத்துவந்து ஊட்டுகிற வழக்கம் அது. முதல் பிள்ளைக்குத்தான் செய்வார்கள். ஆறு வருஷம் கழித்து உண்டானதால் இதற்கும் செய்தே ஆகவேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தாராம். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணத்துக்கு வாய் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். ஏழு கூடை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு ஒருபக்கம். கச்சாயம், ஒப்பிட்டு, எள்ளுருண்டை, முறுக்கு, பணியாரம் மறுபக்கம். பெண்கள் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு கை ஊட்டப் போகிறார்கள் என்றதும், ஒவ்வொரு பலகாரத்திலும் நாலைந்தை எடை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது என்று எனக்குப் பட்டது. அளவு தெரிந்தால் எந்தக் கூடைக்காரி பக்கம் அம்மா வாயை மூடிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாமே. கூடைகளைச் சாமான் அறையில் இறக்கிவிட்டு எல்லோரும் கை கால் கழுவப் போயிருந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு தராசை எடுத்தேன்.

நாலாவது கச்சாயம் தட்டில் இருக்கும்போது கதவு திறந்தது. அம்மாவின் அண்ணன். வெற்றிலைத் தட்டம் எடுக்க வந்தவர், தராசைப் பார்த்தார், கச்சாயத்தைப் பார்த்தார், என் காதில் செருகியிருந்த பென்சிலைப் பார்த்தார்.

"எடை சரியா இருக்குதுங்களா மாப்ளே?" என்றார் மெதுவாக.

பெண் வீட்டிலிருந்து வந்த சீரை மாப்பிள்ளை ஒளிந்துநின்று தராசில் வைத்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான். அந்த அர்த்தம் எனக்கு அதுவரை தோன்றவே இல்லை என்றால் நம்புவீர்களா? இரண்டு வாரமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் எடை போட்டுப் போட்டு, எனக்கு அது கை கழுவுவது மாதிரி ஆகிவிட்டிருந்தது. பதில் சொல்லவேண்டுமே என்று, உண்மையையே சொன்னேன்.

"ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருக்குதுங்க மச்சான். ஒண்ணு நாப்பது கிராம், ஒண்ணு முப்பத்தஞ்சுதான் வருதுங்க."

"ஓகோ. அஞ்சு கிராம் கொறையுதுங்களா."

"அப்படி இல்லீங்க. சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு..."

"தெரிஞ்சுக்க வேண்டியதுதானுங்க. உங்க ஊட்டுக்கு வந்த சாமானம்."

அவர் வெற்றிலைத் தட்டத்தை எடுக்காமலே போய்விட்டார்.

சடங்கு நடந்தது. ஊட்டினார்கள். அம்மா ஒவ்வொருவர் கையிலும் நுனி நாக்கால் தொட்டுத் தொட்டுத் தப்பித்தாள். சாப்பாட்டுப் பந்தியில் மாமனார் பாதி இலையில் கையை உதறிக்கொண்டு எழுந்தார். இரவு தங்குவதாக இருந்தவர்கள் வெயில் தாழ்வதற்குள் வண்டி பூட்டிவிட்டார்கள். மாமனார் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "எங்களால முடிஞ்சது இவ்வளவுதானுங்க மாப்ளே."

வண்டி மறைந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சிரிக்கவும் செய்தாள். பிறகு அழுதாள்.

"பொய்யாவது ஒண்ணு சொல்லியிருக்கலாமில்லீங்க? எறும்பு இருக்குதான்னு பார்த்தேன்னு?"

எனக்கு அது தோன்றவில்லை. கணக்குப் போடுகிற மூளை வேறு போலிருக்கிறது.

போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தை மாசம் வரைக்கும் கூடாது என்றாள். அண்ணன் மனசில் நான் அற்பனாக இருந்தாலும் பரவாயில்லை, தங்கச்சி கல்யாணம் நிற்கக்கூடாது. அவள் சொன்னது நியாயம்தான். அற்பனாக இருக்கவேண்டியவன் நான் என்பதால் எனக்கு அது கொஞ்சம் மெதுவாகவே விளங்கியது.

எட்டாம் நாள் மறுபடியும் வண்டி வந்தது. அம்மாவின் அண்ணன் மட்டும் வந்தார். மூங்கில் கூடைகள் இரண்டு, ஒவ்வொன்றாக அவரே இறக்கினார். என் முன்னாலேயே மேல்துணியை விலக்கினார். கச்சாயம். ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டில் பாதி இருந்தது. எல்லாம் ஒரே வட்டம், ஒரே கனம்.

"நூத்தியொண்ணு இருக்குதுங்க மாப்ளே. இந்தவாட்டி எங்கூட்டுலயும் தராசு வெச்சுத்தான் மாவு உருட்டுனாங்க. ஒண்ணொண்ணும் நூத்தி இருவத்தஞ்சு கிராம். ரண்டு வெச்சா காக்கிலோ. வெச்சுப் பாருங்க, ஒரு கிராம் கொறைஞ்சா என்னயக் கேளுங்க."

மூன்று வாரமாக அளவு தெரியாத பலகாரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனுக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக அளவு தெரிந்த பலகாரம் வந்து சேர்ந்திருக்கிறது. பட்டினத்தில் எந்த மிட்டாய்க் கடையும் இத்தனை துல்லியமாகச் செய்திருக்காது. என்னை அறியாமலே மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு அறுநூற்று இருபத்தைந்து கலோரி. ஆறேகால் நாள் பங்கு.

"உள்ள வாங்க மச்சான், தண்ணி குடிங்க."

"வேண்டாமுங்க. தங்கச்சி என்ற கண்ணு முன்னால ஒண்ணை முழுசாத் தின்னட்டும். பொறந்த ஊட்டுப் பலகாரம் பத்துமா பத்தாதான்னு அவ வாயாலேயே சொல்லட்டும். நான் பொறப்பட்டுருவேன்."

அம்மா கதவோரம் வந்து நின்றாள். அவர் மேலிருந்த ஒன்றை எடுத்து, வாழையிலையில் வைத்து நீட்டினார்.  

டாக்டரிடம் போக இன்னும் ஆறு நாள் இருந்தது. என் புத்தி எப்படிப் போனது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இதை முழுசாகத் தின்றுவிட்டு, சோதனை நாள்வரை வேறு எதையும் தொடாமல் இருந்தால், கால் நாள் பங்குதான் கூடுதல் என்று போட்டுப் பார்த்தேன். அந்தக் கால் நாளை எங்கே தள்ளலாம் என்றும் பார்த்தேன். அந்தச் செங்கல் நிறம் மறுபடியும் கண்ணில் வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அண்ணா, எனக்கு ஒண்ணுக்குல சக்கரை போவுது. டாக்டரம்மா பலகாரம் தொடக்கூடாதுன்னுட்டாங்க. அளவு தெரியறதுக்குத்தான் இவிய எடை போட்டாங்க. சீருக்கு இல்லீங்கண்ணா."

அவர் இலையை நீட்டிய கையை மடக்கவில்லை. 

"எப்பருந்து?"

"போன மாசந்தான் தெரிஞ்சுது."

"இத்தன நாளா எங்ககிட்டச் சொல்லலையே கண்ணு?"

"சின்னவ கல்யாணம் நின்னு போயிருமோன்னு பயந்தேன்."

அவர் கூடையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மாளுக்கு மூணு வருசமா இருக்குது. பொள்ளாச்சியில மாத்தரை வாங்கித் தின்னுட்டிருக்கறா."

"அம்மாளுக்கா? என்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"மாப்ளைக்குத் தெரிஞ்சா உன்னய ஏதாச்சும் பேசுவாங்களோன்னு அவதான் சொல்ல வேண்டாம்னா. இப்ப இந்தக் கச்சாயம் அத்தனையும் அவ உருட்டுனதுதான். ஒண்ணுகூட வாயில வெச்சுப் பார்க்கலை. எம் மகளுக்குக் கொறை வரக்கூடாதுன்னு எடை போட்டு எடை போட்டு உருட்டுனா."

 எனக்கு மாமியாரைப் பற்றி அதுவரை இருந்த கணக்கெல்லாம் புரண்டுபோனது. அவர்கள் எங்களிடம் மறைத்தார்கள், நாங்கள் அவர்களிடம் மறைத்தோம், நடுவில் நூற்றியொரு கச்சாயம் உட்கார்ந்திருந்தது. முதலில் சிரித்தது மச்சான்தான்.

"இதை என்ன பண்றதுங்க மாப்ளே?"

"ஒண்ணும் தோணலைங்க மச்சான்."

"எடை போட்ட பாவத்துக்கு நீங்க பாதி தின்னுங்க. நம்பாம உருட்டுன பாவத்துக்கு நான் பாதி தின்னுட்டுப் போறேன்."

இரண்டு பேருமாக மூன்று தின்றோம். மூன்றாவதைப் பங்கு போடுவதற்குள் மூச்சு முட்டியது. மீதி, அந்த வாரம் முழுக்கக் கடலை பிடுங்க வந்தவர்களுக்குப் போனது. ஆளுக்கு ஒன்று கொடுத்தபோது ஒருவர், "ஏனுங்க, உங்கூட்டுல சின்ன ஆளுக தின்ற கச்சாயம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

ஆறாம் நாள் சித்தூர் போனோம். டாக்டர் குழாயை விளக்கில் காட்டும்போது நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "பச்சை," என்றாள் எனக்கு. திரும்பிப் பார்த்தேன். பச்சைதான். தளிர் இலைபோல. ஆஸ்பத்திரி இப்போதைக்கு வேண்டாம், இரண்டு வாரம் இப்படியே இருந்து திரும்ப வரவேண்டும் என்றார் டாக்டர்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. கேட்காமலே நோட்டை நீட்டினேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "இந்த அஞ்சு பங்கு யார் சொன்னது?" என்றார்.

"நானேதானுங்க."

"எண்ணெய் இதுல இன்னும் கூடும். ஒப்பிட்டுக்கு மேல விடற நெய்யைச் சேர்க்கவே இல்லையே. இதன்படி தின்னிருந்தா பச்சை வந்திருக்காது."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "நான் குடுத்ததை நீ தின்னியா இல்லையா?"

"நீங்க அத்தன பாடுபட்டு எழுதறீங்க. வேண்டாம்னு சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு வாங்கி வெச்சுக்குவேன். ஒரு கிள்ளு வாயில போட்டுட்டு, மீதியத் தொழுவத்துக்குப் போறப்ப எருமைக்குப் போட்டுருவேனுங்க."

அந்த மாதம் எருமை ஏன் அவளைக் கண்டாலே கத்தியது என்று எனக்கு விளங்கியது. கோபித்துக்கொள்ள நினைத்தேன். கோபம் வரவில்லை. பச்சை நிறம் கண்ணிலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து நோட்டை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் எழுதிய பக்கங்களில் கிராமும் இல்லை, கலோரியும் இல்லை. 'இன்று எதிர்வீட்டில் எள்ளுருண்டை, கொஞ்சம்.' 'கோயில் பாயசம், ரொம்பக் கொஞ்சம்.' 'இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.' இவ்வளவுதான். அடுத்துப் போனபோது குழாயில் நீலத்தில் லேசாகப் பச்சை கலந்திருந்தது. அதற்கடுத்த முறை நீலமே நின்றது. டாக்டர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, இப்போதுதான் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். எழுதியது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.